இதய மாற்றுக்கு முன்னரான மதிப்பீடு

இதய மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஒருவர் ஏற்றவரா என்று பார்க்கும் மதிப்பீட்டில், எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு கேள்விகள் உள்ளன. இதயத்தை மாற்றாமல் விட்டால் ஓரிரு ஆண்டுக்குள் உயிர் போகக்கூடிய அளவுக்கு நோய் முற்றியிருக்கிறதா என்பது ஒன்று. அத்தனை முற்றிய நிலையிலும், நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சையையும் அதன்பின் ஆயுள் முழுதும் தொடரும் மருந்துகளையும் தாங்கும் நிலையில் மற்ற உறுப்புகள் இருக்கின்றனவா என்பது மற்றது. முதற் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வர நோய் முற்ற வேண்டும். அது முற்ற முற்ற, இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்ற விடை நெருங்கிக்கொண்டே வரும். இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய காலம் குறுகியது. சிலருக்குச் சில மாதங்களே. கீழே விவரிக்கப்படும் சோதனைகள் அனைத்தும் அந்தக் காலம் வந்துவிட்டதா, வந்து கடந்துவிட்டதா என்று அறிவதற்கானவை.

இலங்கையில் முதல் இதய மாற்று 2017 யூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில் நடந்தது. இப்படியொரு மதிப்பீடு ஏன் தேவை என்பதை உலகின் தொடக்ககால மாற்றுகள் காட்டுகின்றன. உலகின் முதலாவது 1967 டிசெம்பர் 3 அன்று கேப் ரவுன் நகரின் குரூட் ஸ்கூர் வைத்தியசாலையில் கிறிஸ்டியான் பார்னார்ட் செய்தது. அந்நோயாளி 18 நாட்கள் வாழ்ந்து, நுரையீரல் அழற்சியால் இறந்தார். 1968 பெப்ரவரியில் பம்பாயின் கே.ஈ.எம். வைத்தியசாலையில் பி.கே. சென் செய்த மாற்றில் நோயாளி சில மணி நேரமே உயிருடன் இருந்தார். அதற்கு முந்திய மாதம் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஷம்வே இதயம் பொருத்திய முதல் நோயாளி 15 நாட்கள் வாழ்ந்தார். புதிய இதயம் நின்றதால் அவர் இறக்கவில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த மற்ற உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின. அந்த ஓர் ஆண்டில் உலகெங்கும் நூறு அளவில் இதய மாற்றுகள் நடந்தன. பெறுநர்களில் பெரும்பாலோர் மாதங்களுக்குள் மறைந்தனர். பல நாடுகள் முயற்சியையே கைவிட்டன. தைக்கும் கைத்திறன் 1968இலேயே போதிய அளவு வளர்ந்திருந்தது. யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்ற அறிவுதான் இல்லாதிருந்தது. புதிய இதயத்தை உடல் நிராகரிப்பதை அடக்கும் நல்ல மருந்தும் இருக்கவில்லை. சைக்ளோஸ்போரின் 1980களின் தொடக்கத்தில் வந்தபின்பே இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. இந்தியாவில் வெற்றிகரமான முதல் இதய மாற்று 1994 ஓகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் தலைமையில் நடந்தது.

மதிப்பீடு இதயத்தை மாற்றுவதற்கான ஏற்பாட்டுடன் தொடங்குவதில்லை. மாற்றாமல் தப்ப வழி இருக்கிறதா என்ற தேடலுடன்தான் தொடங்குகிறது. இதயத் தசை விரிந்து தளர்ந்த நோயாளிக்குத் தைரொயிட் கோளாறு இருக்கலாம். பல ஆண்டுக் குடி காரணமாயிருக்கலாம். பிள்ளைப்பேற்றை ஒட்டி வந்த தசைத் தளர்வாக இருக்கலாம். ஓயாத வேகத் துடிப்பே இதயத்தைக் களைக்கச் செய்திருக்கலாம். இவற்றில் சில காரணம் நீங்கியதும் தாமாகத் தேறும். அடைபட்ட முடியுரு நாடியைத் திறப்பதாலோ, வாதக் காய்ச்சல் கெடுத்த வால்வை மாற்றுவதாலோ போதிய பலன் கிடைக்குமென்றால் அதுவே முதலில் செய்யப்படும். இதயத் தளர்ச்சிக்கு இன்று கொடுக்கப்படும் நான்கு வகை அடிப்படை மருந்துகளும் தாங்கக்கூடிய உச்ச அளவில், குறைந்தது மூன்று மாதமாவது கொடுக்கப்பட்டனவா என்றும் பார்க்கப்படும். வெளிநோயாளர் கிளினிக்குகளில் ஆண்டுக்கணக்கில் தொடக்க அளவிலேயே நின்றுவிடும் குளிசைகள் உண்டு. அளவு கூடியதும் மாற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து விலகிய நோயாளிகள் உண்டு. மதிப்பீட்டில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முடிவு 'மாற்றுத் தேவையில்லை' என்பதுதான்.

அந்த வழிகள் எல்லாம் அடைபட்டபின் நோயின் கடுமை அளக்கப்படுகிறது. எக்கோ எனும் ஒலியலைப் படத்தில் தெரியும் வெளியேற்று வீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை வெளித்தள்ளும் குருதியின் வீதம்) 20 அல்லது 25 என்றவுடன் உறவினர் கலங்குவார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு எவரும் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. வெளியேற்று வீதம் 20 ஆக இருந்தும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். 30 இருந்தும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிப்பவர் இருக்கிறார். நம்பத்தக்க அளவுகோல், கடும் உழைப்பின்போது உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஒட்சிசன் அளவு. முகமூடி அணிந்து, நிலையான சைக்கிளை மிதிக்கும் நோயாளியின் மூச்சு வாயுக்கள் அளக்கப்படும். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் உச்சத்தில் நிமிடத்துக்கு 720 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுத்தால், கிலோவுக்கு 12 என்று வரும். பீற்றா தடுப்பு மருந்து எடுப்பவருக்கு 12 அல்லது அதற்குக் கீழும், எடுக்காதவருக்கு 14 அல்லது அதற்குக் கீழும் இருந்தால் இதய மாற்றைக் கருதலாம் என்பது அனைத்துலக வழிகாட்டல். 1991இல் டொனா மான்சினியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து 14 என்ற எல்லை வந்தது. 14க்கு மேல் உள்ளவர்களுக்கு மாற்றை அஞ்சாமல் தள்ளிப்போடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். இளவயதினரிலும் பெண்களிலும் இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால், வயதுக்கும் பாலுக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் பாதிக்குக் குறைகிறதா என்றும் பார்ப்பார்கள். நோயாளி உண்மையாகவே முயன்று மிதித்தாரா என்பதையும் வாயுக்களே சொல்லிவிடும். வெளிவிடும் காபனீரொட்சைட்டுக்கும் உள்ளெடுக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள விகிதம் 1.05ஐத் தாண்டாவிட்டால் அந்தச் சோதனையை முழு முயற்சியாகக் கொள்வதில்லை. சைக்கிள் மிதிக்கவே இயலாதவரிடம் ஆறு நிமிட நடை பார்க்கப்படும். 300 மீற்றரைத் தாண்டாத நடை கவலைக்குரியது. நாளத்தில் ஏறும் மருந்தின் தாங்குதலின்றி வைத்தியசாலையை விட்டு வெளியேற முடியாதவருக்கு இந்தச் சோதனைகள் எதுவும் தேவையில்லை. அவரது நிலையே விடை.

முழு மதிப்பீட்டிலும் மிகக் கூர்மையான சோதனை வலப்புற இதயத்துள் குழாய் செலுத்துவது. கழுத்து நாளத்தின் வழியே மெல்லிய குழாய் ஒன்று வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல் நாடி என்று போகும். போகிற வழியெங்கும் அமுக்கத்தை அளக்கும். இடப்புற இதயம் பல ஆண்டுகள் தளர்ந்திருந்தால் குருதி பின்னோக்கித் தேங்கி நுரையீரல் நாடிகளின் அமுக்கம் ஏறும். காலப்போக்கில் அந்த நாடிகளின் சுவர்கள் தடித்து இறுகும். நோயாளியின் சொந்த வலது இதயவறை மெல்ல மெல்ல அதற்குப் பழகிவிட்டது. நேற்றுவரை ஆரோக்கியமான ஒருவரின் நெஞ்சில் துடித்த கொடை இதயமோ அப்படிப் பழகியதல்ல. வாய்க்காலுக்கு நீர் இறைத்துப் பழகிய இயந்திரத்தைத் திடீரென மேல்மாடித் தாங்கிக்கு ஏற்றச் சொன்னால் என்ன ஆகுமோ, அதுவே அதற்கு ஆகும். சத்திரசிகிச்சை மேசையிலேயே வலது இதயவறை விரிந்து நின்றுவிடலாம்.

இறுகிய நுரையீரல் நாடிகள் குருதியோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பைக் கணக்கிடும் முறை எளிது. நுரையீரல் நாடியின் சராசரி அமுக்கத்திலிருந்து இடது சோணையறையின் அமுக்கத்தைக் கழித்து, நிமிடத்துக்கு இதயம் வெளித்தள்ளும் லீற்றரால் வகுத்தால் வருவது வூட் அலகு. சராசரி 40, இடது சோணையறையில் 25, வெளித்தள்ளல் 3 லீற்றர் என்றால் 15ஐ 3ஆல் வகுக்க 5 வூட் அலகு. 3ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. 5 என்பது பெரும்பாலான நிலையங்கள் தயங்கி நிற்கும் இடம். ஆனால் அங்கேயே கதவு சாத்தப்படுவதில்லை. நைற்றோபுரூசைட் போன்ற நாடி விரிப்பு மருந்தை ஏற்றி, குழாய் உள்ளிருக்கும்போதே மீண்டும் அளப்பார்கள். 28, 18, 4 என்று எண்கள் மாறினால் எதிர்ப்பு 2.5க்கு இறங்கியது என்று பொருள்: இறுக்கம் இன்னும் நிலைபெறவில்லை. அந்த இறக்கம் மேல் குருதியமுக்கம் 85க்குக் கீழ் விழாமல் கிடைத்திருக்க வேண்டும். உடல் முழுதும் அமுக்கம் சரிந்து கிடைத்த இறக்கத்துக்கு மதிப்பில்லை. மருந்துக்கும் இறங்காத எதிர்ப்புக் கொண்ட சிலருக்கு இடது இதயவறைக்கு உதவும் இயந்திரம் பொருத்திச் சில மாதங்கள் காத்திருந்தால் நாடிகள் இளகக்கூடும். அதற்கும் இளகாதவருக்குத் தனி இதய மாற்று இல்லை. இந்தச் சோதனை ஒரு தடவையோடு முடிவதுமில்லை. பட்டியலில் காத்திருப்போரிடம் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யப்படும். நோயாளிகள் சலித்துக்கொள்வது இதற்குத்தான்; விட்டுக்கொடுக்கக்கூடாத சோதனையும் இதுவே.

மற்ற உறுப்புகளின் நிலை அடுத்தது. குருதி போதாமல் சோர்ந்த சிறுநீரகத்துக்கும் உண்மையாகவே கெட்ட சிறுநீரகத்துக்கும் வேறுபாடு காண்பது எளிதல்ல. முன்னது புதிய இதயம் வந்ததும் தேறும். பின்னது நிராகரிப்பைத் தடுக்கும் ரக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் மேலும் கெடும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே நிலைத்திருந்தால், இதயம் மட்டும் மாற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படும். கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகியிருக்கிறதா, நுரையீரல் போதிய காற்றை ஊதித் தள்ளுகிறதா, கழுத்து நாடிகளிலும் கால் நாடிகளிலும் அடைப்பு உண்டா என்பவையும் பார்க்கப்படும். நீரிழிவு தன்னளவில் தடையல்ல. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் கெடுத்துவிட்ட நீரிழிவும், குருதிச் சர்க்கரையின் நீண்டகால அளவைக் காட்டும் எச்.பி.ஏ1சி 7.5க்கு மேலேயே நிற்கும் நீரிழிவும் தடையாகலாம். உடற்திணிவுச் சுட்டி 35ஐத் தாண்டினால் முதலில் நிறையைக் குறைக்கச் சொல்வார்கள். வயது 70 வரை என்பது ஒரு வழிகாட்டல். 72 வயதில் உறுதியான உடலும் 50 வயதில் நொடிந்த உடலும் உண்டென்பதால், நடை வேகம், கைப்பிடி வலு, தசை மெலிவு, காரணமில்லாத நிறை இழப்பு, களைப்பு ஆகியவற்றைக் கொண்டு நொய்மை தனியே அளக்கப்படுகிறது.

புற்றுநோய்ச் சோதனை ஏன் என்று பலர் கேட்பதுண்டு. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் மறைந்திருக்கும் புற்றையும் அடக்கமின்றி வளரவிடும் என்பதே காரணம். மார்பு, கருப்பைக் கழுத்து, பெருங்குடல் ஆகியன வயதுக்கும் பாலுக்கும் ஏற்பச் சோதிக்கப்படும். முன்பு புற்றுநோய் வந்து குணமானவர் தானாகவே விலக்கப்படுவதில்லை. மீண்டும் வரும் வாய்ப்பை அதன் நிபுணர் மதிப்பிடுவார்.

அதே காரணத்தால் கிருமித் தேடலும் நடக்கிறது. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பீ, சீ, மேகநோய், சைற்றோமெகலோ வைரசு, தொக்சோபிளாஸ்மா என்று பட்டியல் நீளும். நமது பகுதியில் முதன்மையானது காசம். ஒருவர் உடலில் பல்லாண்டாக உறங்கிக்கிடக்கும் காசக் கிருமி, எதிர்ப்புத் தளர்ந்ததும் விழித்துக்கொள்ளும். தோலில் ஊசி குத்திப் பார்க்கும் மான்ரூ சோதனையோ குருதிச் சோதனையோ செய்து, உறங்கும் தொற்றுத் தெரிந்தால் முன்கூட்டியே சிகிச்சை தொடங்குவார்கள். வெப்ப நாடுகளில் வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்போரின் தோல் வழியே புகும் ஸ்ரொஞ்சிலோயிட் புழு இன்னொன்று. சாதாரண நாட்களில் தொல்லை தராமல் குடலில் குடியிருக்கும் அது, ஸ்ரீரொயிட் மருந்தின் கீழ் பெருகி உடல் முழுதும் பரவி ஆளைக் கொல்லும். முன்னரே கண்டால் ஐவர்மெக்ரின் குளிசையால் அழிந்துவிடும். பல் வைத்தியரிடம் அனுப்புவதும் வீண் அலைச்சல் அல்ல. சீழ் பிடித்த ஒரு கடைவாய்ப் பல் பின்னர் குருதித் தொற்றாகலாம். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகள் மாற்றுக்குப் பின் கொடுக்கக்கூடாதவை. தேவையானவை முன்பே போடப்படும்.

கொடையாளியுடன் பொருந்துமா என்பதைக் குருதியினம், உடலளவு, பிறபொருளெதிரிகள் என்ற மூன்றும் தீர்மானிக்கின்றன. 'ஓ' இனத்தவருக்கு 'ஓ' இனத்தாரின் இதயம் மட்டுமே பொருந்தும் என்பதால் அவர்களின் காத்திருப்பு நீளும். கொடையாளியின் இதயம் பெறுநருக்கு மிகச் சிறியதாக இருக்கக்கூடாது. நுரையீரல் அமுக்கம் ஏறியவருக்கு இது இன்னும் முக்கியம். மூன்றாவதுதான் நுட்பமானது. முன்பு குருதி ஏற்றப்பட்டவர்களிடமும் பிள்ளை பெற்ற பெண்களிடமும், பிறரது வெண்குழியங்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளப் புரதங்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் உருவாகியிருக்கலாம். மக்களில் எத்தனை வீதத்தினரின் இதயத்தை அவை தாக்கும் என்று ஆய்வுகூடம் கணக்கிட்டுச் சொல்லும். 10 வீதத்தைத் தாண்டினாலே மேலும் ஆராய்வார்கள். 80 வீதம் என்றால் வரும் பத்து இதயங்களில் எட்டு இவருக்கு உதவாது. பல பிள்ளைகளைப் பெற்ற தாய் தகுந்த இதயத்துக்கு நீண்டகாலம் காத்திருக்க நேர்வது இப்படித்தான். இதய மாற்றை எதிர்நோக்கும் நோயாளிக்குக் கட்டாயத் தேவையின்றிக் குருதி ஏற்றக்கூடாது என்பதும் இதனால்தான். கிராமிய வைத்தியசாலைகளிலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

எண்களால் அளக்க முடியாத பகுதி ஒன்று எஞ்சுகிறது. நோயாளி மருந்தை ஒழுங்காக எடுப்பாரா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா, மனச்சோர்வு உண்டா, குடியும் புகையிலையும் விட்டாயிற்றா என்பதை உளநல வைத்தியரும் சமூகப் பணியாளரும் ஆராய்வார்கள். புகையிலையைப் பொறுத்தவரை ஆறு மாத விலகல் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. சுருட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுபவரும் தப்ப முடியாது. நிக்கொற்றினின் எச்சத்தைக் காட்டும் சோதனை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிராகரிப்புத் தடுப்புக் குளிசைகள் தினமும் குறித்த நேரத்தில், வாழ்நாள் முழுதும் எடுக்கப்பட வேண்டியவை. விரத நாள் என்று தள்ளிவைக்க இடமில்லை. நாட்டு மருந்துகளில் சில இந்தக் குளிசைகளின் குருதி அளவை ஏற்றியோ இறக்கியோ விடுவதால், எடுத்தவை அனைத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நயினாதீவு போன்ற தீவில் வாழ்பவருக்கு மதிப்பீட்டின் கடினமான பக்கம் எண்களால் அளக்க முடியாத இந்தப் பகுதியே. இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த இதயம் பனிக்குளிரில் ஏறக்குறைய நான்கு மணி நேரமே தாங்கும். அழைப்பு வந்ததும் பெறுநர் வந்துசேர வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியே யாழ்ப்பாணம், பின்னர் ஏ9 வீதியில் கண்டிவரை 321 கிலோமீற்றர். மாலைக்குப் பின் வழமையான படகுச் சேவை இல்லை. சோளகமோ வாடையோ கடுமையாக அடிக்கும் நாட்களில் பகலிலும் நிச்சயமில்லை. நெடுந்தீவாருக்குக் கடல்வழி இன்னும் நீளம். ஆகவே பட்டியலில் சேருவதென்றால் சத்திரசிகிச்சை நிலையத்துக்கு அருகே குடிபெயர்வது என்றே பொருள். மாற்றுக்குப் பின் முதல் மாதங்களில் கழுத்து நாளம் வழியே இதயத் தசைத் துணுக்கெடுத்து நிராகரிப்பைத் தேடும் சோதனை அடிக்கடி நடப்பதால், அப்போதும் அங்கேயே தங்க வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வாடகைக்கும், கூட நிற்பவரின் இழந்த கூலிக்கும் கணக்கு உண்டு. வறுமையும் தொலைவும் எந்த வழிகாட்டலிலும் மருத்துவத் தடையாக எழுதப்பட்டதில்லை. ஆனால் 'குடும்பத் துணை போதாது' என்ற வரியின் உள்ளே அவை ஒளிந்துகொள்ள முடியும். இந்தப் பகுதியின் தீர்ப்பு எழுதுபவரின் கண்ணோட்டத்தைச் சார்ந்தது. ஏற்பாடு செய்து தீர்க்கக்கூடிய குறையையும் தீராத குறையையும் பிரித்து எழுதாத அறிக்கை அரைகுறை அறிக்கையே.

ஊருக்குத் திரும்பும் வாழ்வும் முன்கூட்டியே பேசப்படும். உப்புக் கருவாடு பழகிய நாக்கு, உவர் கலந்த கிணற்று நீர், கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் ஆனி மகோற்சவத்தின் சனநெருக்கடி ஆகியன எல்லாம் எதிர்ப்புத் தளர்ந்த ஒருவரைத் தொடுபவை. தமிழ்நாட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தீவகத்தில் உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டம் இந்தியாவில் முன்னோடியானது. அதை 2014இலிருந்து தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் நடத்துகிறது. ஆயினும் இந்தியாவில் கிடைக்கும் உறுப்பு முதலில் இந்திய நோயாளிகளுக்கே. பொருந்தும் இந்தியர் எவரும் இல்லாதபோதே வெளிநாட்டவர் முறை வரும். இலங்கையில் உறுப்புக் கொடைக்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் அடிப்படை. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் இசைந்தால்தான் இதயம் கிடைக்கும். கண்தானத்தில் உலகறிந்த நாடு இது. இதயத்துக்கோ துடிக்கும் நெஞ்சின் முன்னால் நின்று இசைவு தர வேண்டியிருப்பதால் தயக்கம் பெரிது.

எல்லா அறிக்கைகளும் வந்தபின் முடிவை ஒரு வைத்தியர் எடுப்பதில்லை. இதய வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தொற்றுநோய் வைத்தியர், உளநல வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர் கூடிய குழு முடிவெடுக்கும். இவரைப் பட்டியலில் சேர்த்தால் அந்த இதயம் இன்னொருவருக்குக் கிடைக்காது என்பது அக்குழுவின் முன் எப்போதும் இருக்கும் கணக்கு. விடை மூன்றில் ஒன்றாக வரும்: சேர்க்கலாம்; இப்போது வேண்டாம், குறித்த குறையைத் தீர்த்து வரலாம்; இவருக்கு இது உதவாது. மூன்றாவது விடை பெற்றவருக்கும் மூச்சிரைப்பைத் தணிக்கும் மருந்தும் வலியாற்றும் பராமரிப்பும் தொடர வேண்டும். அது நடக்காத இடத்தில் மதிப்பீடு வெறும் கைவிடலாகிவிடும். தாமதமாக அனுப்பப்பட்டதால் மூன்றாவது விடையைப் பெறுவோர் உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ மூச்சிரைத்து விடுதியில் சேர்வது, குருதியமுக்கம் விழுவதால் மருந்தைக் குறைக்க நேர்வது, சிறுநீர் போக்கும் குளிசையின் அளவு ஏறிக்கொண்டே போவது, சிறுநீரக எண்கள் கெடத் தொடங்குவது ஆகிய இவற்றில் ஒன்று தோன்றும்போதே யாழ்ப்பாணத்திலிருந்து மாற்று நிலையத்துக்குக் கடிதம் போக வேண்டும்.

பட்டியலில் சேர்ந்தவர் சேர்ந்தபடியே இருப்பதில்லை. தேறினால் நீக்கப்படுவார், பக்கவாதமோ கடுந் தொற்றோ வந்தால் தற்காலிகமாக நிறுத்தப்படுவார், மோசமானால் முன்னுரிமை ஏறும். இறுதி மதிப்பீடு அழைப்பு வந்த அன்றே நடக்கிறது. காய்ச்சல் உண்டா, குருதியில் புதிய தொற்று உண்டா, வந்திருக்கும் இதயத்துக்கு எதிரான பிறபொருளெதிரி உண்டா என்று பார்த்தபின்பே நோயாளி மயக்க மேசைக்குப் போவார். அன்று காய்ச்சல் இருந்தால் அந்த இதயம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். இவர் குணமானதும் மீண்டும் வரிசையில் சேர்க்கப்படுவார்.